பழைய வண்டியும் குளிர்ந்த எஞ்சினும்

1948 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் ரோவர் போன்ற வண்டிகள், சேற்றிலும் மலைச்சரிவிலும் உழைப்பதற்கென்றே ஆக்கப்பட்டவை. கைமாறி வரும் அத்தகைய வண்டிக்குப் புதுவர்ணம் பூசிவிடலாம். ஆயின், அது பட்ட பாட்டை எஞ்சின் மறைப்பதில்லை.

அவ்வெஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே பார்த்தல் வேண்டும். முன்னரே இயக்கிச் சூடாக்கி வைத்திருப்பின், புறப்படுவதிலுள்ள தயக்கமும் முதற்புகையும் வாங்குபவர் கண்ணிற்படா. ஆகவே, எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பதே முதற் சோதனை. அது குளிர்ந்திருந்தால் மட்டுமே ரேடியேற்றரின் மூடியைத் திறக்கலாம். சூட்டில் திறப்பின் கொதிநீர் பீறிட்டுச் சுடும்.

ரேடியேற்றர் நீரில் எண்ணெய் மிதந்தாலும், அளவுகோலிற் படிந்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலும், இரண்டும் கலந்துவிட்டன என ஐயுறலாம். ஆறு கடந்த வண்டியில் வெளிநீரும் புகுந்திருக்கக்கூடும்.

பின்னர் எஞ்சினை இயக்கிப் புகையை நோக்குக. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுதியையோ காற்றுவடி அடைபட்டதையோ குறிக்கும். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிடின், உள்ளே நீர் கசியக்கூடும்.

ஐயம் தீராவிடின், தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளப்பித்தல் நன்று. ஆளில்லாக் காட்டுப்பாதையில் வண்டி நின்றபின் தெரியவரும் குறையைப் பணம் கொடுக்குமுன் அறிந்துகொள்வதே விவேகம்.