சொல்வார் இல்லாத கரை

பினாங்கு ஜார்ஜ் டவுன் நகரத்தில், சூலியாத் தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில், சின்னஞ்சிறு மினாராக்களோடு ஒரு தர்கா நிற்கிறது. நாகூர் ஆண்டவர் என்று ஜாதி மத பேதமின்றித் தமிழர் போற்றும் ஷாகுல் ஹமீது அவர்களின் சமாதி நாகூரிலேயே இருக்க, அவருடைய பெயரால் ஒரு நினைவாலயத்தை, கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே எழுப்பினார்கள். பாய்மரக் கப்பலில் வங்காள விரிகுடாவைத் தாண்டி, உயிரோடு கரையேறிய மனிதன், தங்க இடமும் செய்யத் தொழிலும் தேடுமுன் முதலில் தேடியது நன்றி சொல்ல ஓர் இடத்தைத்தான் என்பதை அந்த மூலையில் ஒரு கணம் நின்றாலே உணரலாம். கடற்பிரயாணத்தின் பீதி எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி.

வெள்ளமும் நெருப்பும் யுத்தமும் சொந்த ஊரிலும் வரத்தான் செய்கின்றன. ஆனால் சொந்த ஊரிலே அபாயம் வருவதற்கு முன்னால் அதைப் பற்றிய ஒரு வார்த்தை வந்துவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று அக்கரையிலிருந்து ஒருவன் கூவுவான், அந்தப் பக்கம் போகாதே தம்பி என்று டீக்கடைக்காரர் எச்சரிப்பார், ஒன்றுமில்லாவிட்டாலும் அண்டை வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டுவதைப் பார்த்தாவது நாமும் கட்டுவோம். அந்நிய தேசத்தில் அந்தக் குரல் நம் காதுக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் பாஷை விளங்குவதில்லை. பரதேசத்துப் பிரயாணத்தின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பினாங்கின் சரித்திரத்தைப் புரட்டப் புரட்ட அந்த எண்ணம் எனக்கு உறுதிப்படுகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்குக்கு வந்த ஆயிரமாயிரம் கூலி ஜனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். போகும் தோட்டம் எது, அங்கே கூலி எவ்வளவு, திரும்பி வருவது எப்போது என்பதையெல்லாம் ஆள்சேர்த்த கங்காணி சொன்ன அளவுக்கே அவர்கள் அறிந்திருந்தார்கள். மேல்தளத்திலும் அடித்தளத்திலும் பாய் விரித்துக் கிடந்து, வாந்தியிலும் வெக்கையிலும் நாட்களைக் கழித்து, தூரத்தில் பினாங்கு மலை நீலமாகத் தெரிந்ததும் துன்பம் தீர்ந்தது என்று கைகூப்பியவர்களில் பலரை நகரத்தில் இறக்காமல், எதிரே இருந்த ஜெரெஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மை, காலரா பரவாமல் காக்க அது அவசியமான ஏற்பாடே. ஆனால் எதற்காக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கும்படி யார் சொன்னார்கள்? பிற்காலத்தில் ரஜூலா கப்பலும் அதற்குப் பின் சிதம்பரம் கப்பலும் இதே பாதையில் ஓடின. 1985 பிப்ரவரியில் சிதம்பரத்தில் தீப்பற்றிப் பல உயிர்கள் மாண்டதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தின் கதை முடிந்தது.

முதல் உலக யுத்தம் பினாங்கின் வாசலுக்கு வந்த கதையைத் தமிழன் தன் வாயாலேயே நினைவில் வைத்திருக்கிறான், பெரும்பாலும் அறியாமலே. சாமர்த்தியமும் முரட்டுத் துணிச்சலும் சேர்ந்தவனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று நாம் சொல்கிறோமல்லவா? 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பல் அது. ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 28 விடியுமுன், தனக்குள்ள மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நாலாவது ஒன்றையும் நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பலைப் போல வேஷம் பூண்டு, அதே எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அங்கே நங்கூரமிட்டிருந்த ஸெம்சுக் என்ற ருஷ்யக் கப்பல் சில நிமிஷங்களில் மூழ்கியது. அதன் தலைவர் அன்றிரவு கரையிலே தங்கியிருந்தார். கப்பலிலிருந்த மாலுமிகளில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு தீவிலே, விடியலின் உறக்கத்தில், எதிரி வந்தான் என்று சொல்ல ஆளின்றி இறந்த அந்த வாலிபர்களில் சிலரின் கல்லறை வெஸ்டர்ன் ரோடு மயானத்தில் இன்றும் இருக்கிறது.

ஆயினும் பினாங்கு கண்ட பெரிய பீதி 1941 டிசம்பர் மாதத்தினுடையது. எட்டாம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். பதினோராம் தேதி பகலில் ஜார்ஜ் டவுனுக்கு மேலே விமானங்கள் அணி அணியாகத் தோன்றியபோது, ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் தெருவுக்கு வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். விமானம் என்றால் அது நம் சர்க்காரின் விமானமாகத்தான் இருக்கும் என்பதே அவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட பாடம். அண்ணாந்து நின்ற அந்தக் கூட்டத்தின்மேல் குண்டுகள் விழுந்தன. விமானத்தை எதிர்க்கும் பீரங்கி ஒன்றுகூட நகரத்தில் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் தெருக்களில் பிணங்கள் எடுப்பாரின்றிக் கிடந்தன, தீயை அணைக்க ஆளில்லை, கடைகள் சூறையாடப்பட்டன.

குண்டைவிடக் கொடியது அதன்பின் நடந்தது. தீவை ஆண்ட பிரிட்டிஷார் முதலில் ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும், பிறகு பதினாறாம் தேதி இரவில் படையினரையும் அதிகாரிகளையும் இரகசியமாகப் படகேற்றி அப்புறப்படுத்திவிட்டார்கள். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் தமிழருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் கண்விழித்த நகரம் தன்னை ஆண்டவர்கள் போய்விட்டார்கள் என்பதைக் காலி நாற்காலிகளைப் பார்த்தே தெரிந்துகொண்டது. ஜனங்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டதாகச் சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் வானொலியில் பேசியபோது, அந்த ஜனங்கள் பினாங்கிலேதான் இருந்தார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் கௌரவம் அந்த ஒரு பேச்சிலே உடைந்தது என்று சொன்னால் மிகையாகாது. அவசரத்தில் விட்டுச்சென்ற படகுகளும் வானொலி நிலையமும் உடையாமல் அப்படியே எதிரியின் கைக்குப் போயின.

அந்த நிர்க்கதியான வேளையில் முன்வந்து பொறுப்பேற்றவர் ஒரு தமிழர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இலங்கையில் பிறந்து, பினாங்கில் ‘ஸ்டிரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த மாணிக்கசோதி சரவணமுத்து அவர்கள், கொழும்பின் மேயராக விளங்கிய ரத்னசோதி சரவணமுத்துவின் சகோதரர். அவர் பல இனத்தாரையும் கூட்டி ஒரு சேவைக் குழுவை அமைத்து, கார்ன்வாலிஸ் கோட்டைக் கம்பத்தில் யாரும் இறக்காமல் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, வெள்ளைக் கொடியை ஏற்றி, நகரத்தைக் காக்க இங்கே படை இல்லை, இனிக் குண்டு போடவேண்டாம் என்று வானொலி மூலம் ஜப்பானியருக்கு அறிவித்தார். பத்தொன்பதாம் தேதி ஜப்பானியர் வந்தனர். பின்னர் அவரையே சிறையிலும் அடைத்தார்கள். அவர் துப்பாக்கி எடுக்கவில்லை. சொல்லவேண்டியவர்கள் சொல்லாமல் ஓடிப்போன இடத்தில், சொல்லவேண்டியதைச் சொன்னார். எத்தனை குடும்பங்கள் அந்தச் சில வாக்கியங்களால் பிழைத்தன என்பதை நினைக்கும்போது என் மனம் அவரை வணங்குகிறது.

இக்காலத்து அபாயம் விமானத்தில் வருவதில்லை, வாட்ஸப்பில் வருகிறது. டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் ஏஜெண்டை நம்பி மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ விமானம் ஏறும் நம் வாலிபர்கள், பழைய கங்காணியின் கதையையே வேறு உடுப்பில் மறுபடி அனுபவிக்கிறார்கள். 2022-இல், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் அகப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டுத் திரும்பியது பத்திரிகைகளில் வந்ததே. பத்தாம் வகுப்புத் தேறாதவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போகுமுன் இந்திய சர்க்காரின் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும் என்ற விதியும், ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று ‘இ-மைகிரேட்’ தளத்தில் பார்த்துக்கொள்ளும் வசதியும், தக்க அதிகாரமின்றிப் பிறருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டின் மலேசியச் சட்டப்படி குற்றம் என்ற செய்தியும் ஊர்தோறும் தெரிந்திருக்கவேண்டியவை. வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டு, அந்நாட்டு அவசர எண் 999 என்பதையும், உதவி என்பதற்கு மலாயில் ‘தோலோங்’ என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு போவது நல்லது. ஆபத்திலே கூவத் தெரிந்த ஒரு சொல், பையில் இருக்கும் பணத்தைவிட மேலானது.

இவற்றையெல்லாம் எழுதும்போது என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருப்பது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று மலேசிய நேரம் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் பூமி அதிர்ந்தது. அந்த இடத்திலிருந்து பினாங்கு ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தூரம். நாகப்பட்டினமோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. பக்கத்திலிருப்பதைத்தானே அலை முதலில் தாக்கும் என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு. ஆழ்கடலில் சுனாமி ஜெட் விமான வேகத்தில் ஓடும். ஆழமில்லாத கடலில் அதன் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். மேற்கே போன அலைக்கு வழிநெடுக ஆழ்கடல். பினாங்குக்குப் போன அலையோ சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு, மலாக்கா ஜலசந்தியின் ஆழமற்ற நீரில் தவழ்ந்து செல்லவேண்டியிருந்தது. ஆகவே நாகப்பட்டினத்துக்கு இந்திய நேரம் ஏறக்குறைய ஒன்பது மணிக்கு, அதாவது மலேசியாவில் பதினொன்றரை மணி சுமாருக்கு வந்துவிட்ட அலை, பினாங்குக் கரையை அடைந்தபோது அங்கே மணி பிற்பகல் ஒன்றைத் தாண்டியிருந்தது.

இடையில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. இந்துமாக்கடலுக்கு அன்று எச்சரிக்கை ஏற்பாடு ஒன்றும் கிடையாது. ஹைதராபாத்தில் அதற்கான நிலையம் 2007-இல்தான் வந்தது. மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் மாண்டவர்கள். ஒரு நூற்றாண்டு காலம் கப்பலும் கடிதமும் மணியார்டரும் ஓடிய இரு கரைகள் அவை. நாகப்பட்டினத்தில் பினாங்குச் சொந்தக்காரர் இல்லாத தெரு அபூர்வம். ஆனால் சொந்தப் பிள்ளையைக் காணாமல் அலறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அக்கரைச் சொந்தக்காரரை அழைக்கத் தோன்றுமா? வேளாங்கண்ணிக் கடற்கரையில் உறவினர்கள் செருப்பையும் துணியையும் பார்த்து ஆளை அடையாளம் தேடிக்கொண்டிருந்த அந்த வேளையில், பினாங்கின் பாசிர் பாஞ்சாங் கரையில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் பாயை விரித்து உட்கார்ந்திருந்தன. குழந்தைகள் இன்னும் தண்ணீரில்தான் இருந்தார்கள்.