செருப்பைத் திருப்பி வைக்கும் பிள்ளை

"மகனை ஹாஸ்டலில் விட்டுவிட்டீர்களாமே?" என்று நம் சங்கப் பொங்கல் விழாவில் ஓர் அன்பர் கேட்டார். அவர் கேட்டதில் குற்றமில்லை. அதே கேள்வியை இரண்டு வருடம் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தவன்தான் நானும்.

டிப்ளமோ முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்த நான், நாக்பூர் பக்கத்துத் தண்டவாளங்களிலேயே காலத்தைக் கழித்து, 2019-ல் ஓய்வு பெற்றேன். என் மகனுக்கு இப்போது வயது 34. ஆட்டிசம் உள்ளவன். பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேல் பேச்சில்லை. இரவு பகலாக லைனில் திரிந்த நான் வளர்த்தேன் என்று சொல்ல முடியாது; வளர்த்தவள் அவன் அம்மா. அவள் போனபின், ஆறடி உயரப் பிள்ளையைக் குளிப்பாட்டவும், கலக்கத்தில் தலையைச் சுவரில் மோதும்போது பிடித்து நிறுத்தவும் எனக்குத் தெம்பு போதவில்லை. ஊருக்கு வெளியே ஓர் இல்லத்தில் சேர்த்தேன்.

அங்கே பார்த்துக்கொள்ளும் மாவ்ஷிகளுக்கு மராட்டிதான் தெரியும். அவனுக்குத் தெரிந்ததோ வீட்டுத் தமிழ். சோறு, தண்ணி, வலி, போதும், அப்பா என்று ஐந்து சொற்களைத் தேவநாகரியில் எழுதிக் கொடுத்தேன். இன்று பரிமாறும்போது "போதுமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஞாயிறுதோறும் பத்து மணிக்குப் போவேன். தயிர்சாத டப்பாவை அவனே பையிலிருந்து எடுப்பான். சாப்பிட்டபின் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பான். நான்கு மணி ஆனதும் எழுந்துபோய் என் செருப்பை வாசல் பார்க்கத் திருப்பி வைப்பான். விரட்டுகிறானே என்று மனம் நொந்துபோகும். ஒருநாள் மழைக்காக ஐந்து மணிவரை இருந்துவிட்டேன். செருப்பை எடுப்பதும் வைப்பதுமாகத் தவித்துப்போனான். அப்போதுதான் இந்த ரயில்வேக்காரனுக்குப் புரிந்தது. நேரத்துக்குக் கிளம்பும் வண்டிதானே நேரத்துக்குத் திரும்பி வரும்? அடுத்த ஞாயிறு நான் வரவேண்டும் என்றுதான் இந்த ஞாயிறு நேரத்தோடு அனுப்பி வைக்கிறான்.

எனக்குப் பின் யார் வருவார்கள்? இப்படிப் பிள்ளை உள்ள எல்லோருக்கும் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது நிறைந்த ஆட்டிசம் உள்ளவருக்குக் காப்பாளர் வேண்டுமென்று மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். தாம் விரும்பும் ஒருவரைக் குறிப்பிடலாம். சம்பாதிக்க இயலாத இத்தகைய பிள்ளைக்கு, விதிகளுக்கு உட்பட்டு, ரயில்வே குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் உண்டு. நாம் இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் அவன் பெயரைச் சேர்த்துவிடலாம். அன்பர்கள் இந்த இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

நான் இரண்டையும் முடித்துவிட்டேன். காப்பாளர், புனேயில் வேலை பார்க்கும் என் மகள். மாதம் ஒரு ஞாயிறு அவளும் என்னோடு வருகிறாள். முதல் சில மாதங்கள் தம்பி அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. போன மாதம் நான்கு மணிக்கு வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு திரும்பியிருந்தது.