இரண்டு விடியல் கண்ட விமானம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனது. மறு ஆண்டே குவாண்டாஸ் நிறுவனம் அதற்கு ஒரு மாற்றுவழி கண்டது. பெர்த் நகரிலிருந்து இலங்கையில் காலிக்கு அருகே இருக்கும் கொக்கல ஏரி வரை, இடையில் எங்கும் இறங்காமல் 5,652 கிலோமீட்டர். கீழே இந்தியப் பெருங்கடல் மட்டும்தான்.

பறந்தவை கேட்டலினா ரகக் கடல் விமானங்கள். வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்துக்கு வேண்டிய எரிபொருளை நிரப்பிய பிறகு, மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும்தான் இடம் மிஞ்சியது. எதிரி காதில் விழுந்துவிடும் என்பதால் ரேடியோவில் பேசக்கூடாது. செக்ஸ்டன்ட் கருவியால் விண்மீன்களின் உயரத்தை அளந்துதான் திசையும் இடமும் கணித்தார்கள். விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே. நாம் சித்திரை, கேட்டை என்று சொல்லும் இரண்டும் அவற்றில் உண்டு. ஒரு நாளைத் தாண்டிய பயணம் என்பதால் பயணிகள் வானிலேயே இரண்டு சூரியோதயம் பார்த்தார்கள். அதற்கென்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

ஒரு பயணம் 27 மணி நேரத்தில் முடியும். இன்னொன்று 32 மணி நேரத்தையும் தாண்டும். தூரம் மாறவில்லை. கூடுதலான அந்த ஐந்து மணி நேரம் பெரும்பாலும் காற்றின் வேலை.

விமானத்தின் வேகம் என்பது அதைச் சூழ்ந்த காற்றை ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே நகர்ந்தால் விமானத்தையும் சேர்த்து இழுத்துப்போகும். 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கேட்டலினாவுக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று வந்தால், கடலுக்கு மேலே அது உண்மையில் நகர்வது 170 கிலோமீட்டர்தான். 28 மணி நேரப் பயணம் 33 மணி நேரமாகிவிடும். அதே காற்று, 850 கிலோமீட்டர் வேகத்தில் போகும் இன்றைய ஜெட் விமானத்தைத் தாமதப்படுத்துவது கால் மணி நேரம்தான். மெதுவாகப் போகிறவரைத்தான் காற்று அதிகம் வதைக்கிறது. எரிபொருளை அளந்து நிரப்பிக்கொண்டு நடுக்கடலில் இருந்த விமானிக்கு இந்தக் கணக்கு உயிர்ப் பிரச்சினை.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பின்காற்று ஈடுகட்டிவிடும் என்று தோன்றும். ஈடுகட்டாது. எதிர்க்காற்றில் 33 மணி நேரம் சிக்கிக் கிடக்கிறோம். பின்காற்றின் உதவி கிடைப்பதோ இருபத்தைந்து மணி நேரத்துக்கும் குறைவாக. போகவர மொத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நஷ்டம்.

1944-இல் வேகம் கூடிய லிபரேட்டர் விமானங்கள் வந்ததும் பயணம் 17 மணி நேரமாகச் சுருங்கியது. கேட்டலினாக்கள் 1945 ஜூலை வரை 271 முறை இந்தக் கடலைக் கடந்தன.

இன்றைய ஜெட் விமானங்கள் பறக்கும் உயரத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வீசும் காற்றோட்டங்கள் உண்டு. அதனால் நெடுந்தூர விமானங்கள் மிகக் குறுகிய பாதையை விட்டு, சில நூறு கிலோமீட்டர் சுற்றிப் போயாவது பின்காற்றைப் பிடிக்கின்றன. எதிர்க்காற்றிலிருந்து விலகிப் போகின்றன. பல வேளைகளில் சுற்றுவழியே சீக்கிரம் கொண்டுசேர்க்கிறது.