எக்செல்லில் ஒரு பூனைக் கணக்கு

"எக்செல் எல்லாம் ஆபீசுக்குத்தானே சார், வீட்டில் அதற்கு என்ன வேலை?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மளிகைக் கணக்கு, பால் கணக்கு என்று சொல்லி வந்தேன். இப்போது பூனைக் கணக்கு என்று சொல்கிறேன். எக்செல்லில் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு என்ன என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தக் கணக்குதான்.

எங்கள் ராயகிரியில் வைக்கோல் படப்பு உள்ள வீட்டில் பூனை இருப்பது நல்லது என்பார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் கதை வேறு. வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் தங்கை மகள் ஒருநாள் போன் செய்தாள். "மாமா, மெஸ் பின்னாடி பூனை பெருகிப்போச்சு. சாக்கில் பிடித்து ஊருக்கு வெளியே விடப்போகிறோம் என்கிறார்கள். நாங்கள் கருத்தடை செய்கிறோம் என்று ஆறு மாதம் தவணை கேட்டிருக்கிறோம். மொத்தம் எத்தனை என்று கேட்டால் எங்கள் யாருக்குமே சரியாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் ஏதாவது வழி சொல்லுங்கள்."

சாக்கில் பிடித்து விடுவது தீர்வாகாது. மெஸ் கழிவு அங்கேயே இருக்கும் வரை, பக்கத்துத் தெருப் பூனைகள் அந்த இடத்துக்கு வந்துவிடும். மேலும், பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

155 பூனைகளின் கணக்கு

அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் இதே பிரச்னை இருந்தது. சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் 1991-ல் தொடங்கி, பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, அதே இடத்தில் விட்டார்கள். பழகக்கூடியவற்றை வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தார்கள். 11 ஆண்டுகளில் கணக்கில் வந்தவை 155 பூனைகள். 1996-ல் வளாகத்தில் 68 இருந்தன. 2002-ல் 23 மட்டுமே. 1995-க்குப் பிறகு அங்கே குட்டிகளே காணப்படவில்லை.

இந்த விவரங்கள் 2003-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயின. 155-ல் தத்துப் போனவை 47 சதவீதம். வளாகத்திலேயே இருந்தவை 15. காணாமல் போனவை 15. கருணைக்கொலை செய்யப்பட்டவை 11. இறந்தவை 6. அருகிலுள்ள காட்டுப் பகுதிக்கு நகர்ந்தவை 6. கூட்டிப் பாருங்கள், சரியாக 100 வரும். செத்த பூனையையும் காணாமல் போன பூனையையும் அவர்கள் கணக்கிலிருந்து நீக்கவில்லை. அதனால்தான் எண்ணிக்கை எப்படிக் குறைந்தது என்று அவர்களால் காட்ட முடிந்தது.

பட்டியல் தயாரிப்பது எப்படி?

எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். புதிய பைலைத் திறந்து, முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்திடவும்: எண், அடையாளம், பார்த்த இடம், கடுவனா பெட்டையா, கருத்தடை, தேதி, நிலை, போட்டோ எண்.

ஒரு பூனைக்கு ஒரு வரிசை. "கருப்புப் பூனை" என்று மட்டும் எழுதினால் போதாது. "கருப்பு, வலது முன்னங்கால் வெள்ளை, வால் வளைவு" என்று எழுத வேண்டும். கருப்பு, வெள்ளை, செம்மை மூன்றும் கலந்த பூனை பெரும்பாலும் பெட்டையாகவே இருக்கும். கருத்தடை என்ற இடத்தில் "ஆம்" அல்லது "இல்லை" மட்டும் எழுதவும். ஓரிடத்தில் "ஆச்சு", இன்னோரிடத்தில் "முடிந்தது" என்று எழுதினால் கம்ப்யூட்டர் அவற்றைத் தனித்தனியாகவே கணக்கிடும்.

அடுத்து, பட்டியலுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் கிளிக் செய்து, டேட்டா டேபில் பில்டர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். கருத்தடை தலைப்பில் உள்ள அம்புக்குறியை அழுத்தி, "இல்லை" மட்டும் டிக் செய்திடவும். இன்னும் பிடிக்க வேண்டிய பூனைகள் மட்டும் திரையில் நிற்கும். எத்தனை என்று கீழே உள்ள பட்டையில் தெரியும்.

மூன்று வாரத்தில் பட்டியல் தயாரானது. மொத்தம் 26 பூனைகள். எல்லாரும் நூறு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்!

நான் செய்த தவறு

முதல் இரண்டு முறை பிடித்ததில் 15 பூனைகளுக்கு அறுவை முடிந்தது. பைலை மெயிலில் எனக்கு அனுப்பியிருந்தாள். "ஆம்" எல்லாம் மேலே வந்தால் பார்க்க வசதியாக இருக்குமே என்று, கருத்தடை நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து சார்ட் கொடுத்தேன். எக்செல் ஓர் எச்சரிக்கை காட்டியது. எக்ஸ்பாண்ட் த செலக்ஷன் என்பதற்குப் பதிலாக, இப்போதுள்ள செலக்ஷனுடன் தொடரவும் என்ற பொருள் தரும் இரண்டாவது வாய்ப்பைக் கிளிக் செய்துவிட்டேன். "ஆம்" எல்லாம் மேலே போயின. பூனைகளோ இருந்த இடத்திலேயே நின்றன. ஒரு பூனையின் அறுவை இன்னொரு பூனையின் கணக்கில் ஏறிவிட்டது. அதைக் கவனிக்காமல் சேவ் செய்து திருப்பி அனுப்பினேன்.

அடுத்த முறை "இல்லை" என்று இருந்த ஒரு பூனையைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். மேஜை மேல் வைத்ததும் டாக்டர் காதைப் பார்த்தார். நுனி வெட்டப்பட்டிருந்தது. "இதற்கு ஏற்கெனவே செய்தாகிவிட்டது" என்று திருப்பிக் கொடுத்தார். மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைச் சிறிது வெட்டி அடையாளமிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். கூண்டு வைக்காமலே தூரத்திலிருந்து தெரியும். என் பைல் பொய் சொன்னபோது அந்தக் காதுதான் உண்மையைச் சொன்னது.

இன்னொரு பூனைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மூன்று நிறப் பெட்டை ஒன்று, பட்டியலில் "ஆம்" என்று இருந்ததால் யாரும் பிடிக்கவில்லை. பூனையின் சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம்தான். மெஸ் விறகு அடுக்குக்குப் பின்னால் நான்கு குட்டிகள்! கேட்ட தவணையில் பாதி முடிந்திருந்த நேரம். "இதுதான் உங்கள் கணக்கா?" என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். தவறு என்னுடையது, திட்டு அவளுக்கு.

கண்ட்ரோல் + இசட் அழுத்திப் பார்த்தேன். பைலை மூடித் திறந்த பிறகு அது வேலை செய்யாது. முதலில் மெயிலில் வந்த பழைய பைல்தான் கைகொடுத்தது. அதை டவுன்லோடு செய்து, ஒவ்வொரு வரிசையையும் பூனையின் காதோடு ஒப்பிட்டுச் சரிசெய்தார்கள். தவணை முடியும்போது "இல்லை" என்று பில்டர் செய்தால் இரண்டே வரிசைகள். அந்த அச்சுப் பிரதியைப் பார்த்த பிறகு சாக்குப் பேச்சு எழவில்லை.

மறக்கக் கூடாதவை

1. சார்ட் செய்யும்போது ஒரு நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்ய வேண்டாம். பட்டியலுக்குள் ஒரு கட்டத்தில் கிளிக் செய்துவிட்டு சார்ட் கொடுத்தால் போதும். எச்சரிக்கை வந்தால் எக்ஸ்பாண்ட் த செலக்ஷன் என்பதையே தேர்ந்தெடுக்கவும்.

2. மாற்றம் செய்யும் முன் சேவ் அஸ் கொடுத்து, தேதியைப் பெயராக வைத்து ஒரு பிரதி எடுக்கவும்.

3. பூனை இறந்தாலும், காணாமல் போனாலும், தத்துப் போனாலும் வரிசையை டெலீட் செய்ய வேண்டாம். நிலை என்ற இடத்தில் மட்டும் மாற்றவும்.

இது பூனைக்கு மட்டுமல்ல. சீட்டுக் கணக்கு, கடைப் பாக்கி, சங்கத்துச் சந்தா எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அந்த நான்கு குட்டிகளுக்கும் பட்டியலில் 27 முதல் 30 வரை எண் கொடுத்தார்கள். மூன்று குட்டிகளை வெவ்வேறு வீடுகளில் எடுத்துக்கொண்டார்கள். 30-ம் எண்ணுக்கு எதிரே நிலை என்ற கட்டத்தில் "தத்து, மாமா வீடு, ராயகிரி" என்று இருக்கிறது. இதை நான் டைப் செய்யும்போது அது யுபிஎஸ் மேல் சூடாகப் படுத்துத் தூங்குகிறது.