உங்களுக்குத் தெரியுமா? வேலியில் வளரும் இருமல் மருந்து!

கண்ணில் பட்டதையெல்லாம் மேயும் ஆடு, ஆடாதோடைப் பக்கம் மட்டும் வாயைக் கொண்டுபோகாது! இலையில் அத்தனை கசப்பு. மாடும் அப்படியே. அதனால்தான் தோட்டத்துக்கு இதையே உயிர்வேலியாக நட்டார்கள். ஒரு போத்தை ஒடித்து ஊன்றுங்கள், போதும். தானாகத் தழைத்துவிடும்!

அந்த வேலிச் செடியைத்தான் சித்தமும் ஆயுர்வேதமும் இருமலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் ஈளைக்கும் தேடிப் போகின்றன. நாட்டு மருந்துக் கடையில் 'ஆடாதோடை மணப்பாகு' என்று கேளுங்கள். அதே கசப்பு இலை, இனிக்க இனிக்கப் பாட்டிலில் கிடைக்கும்!

உலகம் முழுக்கத் தாவரவியலாளர்கள் இதை எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா? 'ஜஸ்டீசியா அதடோடா'! ஸ்வீடனின் லின்னேயஸ் 1753-இல் பதிவு செய்த பெயர். நம் ஊர்ப் பெயர் அறிவியல் ஏட்டில் ஏறி 270 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது!

வெள்ளைப் பூ. இரண்டு உதடுகளாகப் பிளந்திருக்கும். கீழ் உதட்டில் ஊதா வரிகள். காய் முற்றிக் காய்ந்ததும் பட்டென்று வெடிக்கும். அதற்குள் இருப்பது வெறும் 4 விதைகள்!

பச்சை இலையை அம்மியில் அரைத்துப் பிழிந்து பாருங்கள். விழுதுதான் வரும், சாறு லேசில் வராது! அதே இலையை இட்லிப் பானையில் வைத்து ஆவி காட்டுங்கள். வாடித் துவண்டதும் இடித்து, துணியில் கட்டி முறுக்குங்கள். கரும்பச்சையாகச் சொட்டுச் சொட்டாக வடியும். அதில் தேன் குழைத்துக் கொடுப்பதுதான் பாட்டி வைத்தியம்.

ஆயுர்வேதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அரைத்த இலையை உருண்டை பிடிப்பார்கள். வேறு இலைகளால் பொதிவார்கள். மேலே களிமண் பூசி நெருப்பில் போடுவார்கள். மண் சிவக்கும்வரை சுட்டு, உடைத்து, உள்ளே வெந்திருக்கும் விழுதைப் பிழிவார்கள். 'புடபாகம்' என்பது இதுதான். களிமண் உருண்டைக்குள் வேகும் இருமல் மருந்து, எத்தனை அழகான வேலை!

காய்ந்த இலையைச் சுருட்டிப் புகைத்தும் இருக்கிறார்கள். எதற்கு? மூச்சிரைப்புக்கு! (இன்று யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

இந்த இலையின் ரகசியத்தை முதலில் பிரித்தெடுத்தவர் இருந்தது எங்கே? நம் ஊட்டியில்! அரசாங்கத்தின் சின்கோனா வேதியியலாளராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர்தான் அவர். கிடைத்த பொருள் 'வாசிசின்'. ஆண்டு 1888!

கல்கத்தாவில் விஞ்ஞானி பி.சி. ராய் வெறும் 700 ரூபாய் முதலீட்டில் ஒரு மருந்துத் தொழிலைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் பெங்கால் கெமிக்கல்ஸ். தொடக்க காலத்திலேயே அவர் பாட்டிலில் அடைத்து விற்ற மருந்துகளில் ஒன்று எது? ஆடாதோடை சிரப்!

இனி வருவதுதான் உச்சம். வாசிசினை முன்மாதிரியாக வைத்து ஜெர்மனியில் ஒரு செயற்கை மருந்தை உருவாக்கினார்கள். 'புரோம்ஹெக்சின்'! கெட்டிச் சளியை இளக்கி வெளியே தள்ளும் மருந்து. போரிங்கர் இங்கல்ஹெய்ம் நிறுவனம் 1963-இல் இதை 'பிசோல்வான்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் வேலியோர இலைக்கு ஜெர்மனியில் ஒரு வாரிசு!

அந்த வாரிசுக்கும் ஒரு வாரிசு! புரோம்ஹெக்சினை விழுங்கினால் நம் உடலே அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருளைத் தனியாகத் தயாரித்தார்கள். அதுதான் 'ஆம்ப்ராக்ஸால்'. இப்போதே உங்கள் வீட்டு இருமல் சிரப் பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். பல சிரப்புகளில் இந்தப் பெயர் இருக்கும்!

ஆம்ப்ராக்ஸால் சளியோடு நிற்கவில்லை. தொட்ட இடத்தை மரத்துப்போகவும் வைக்கும்! தொண்டை வலிக்குச் சப்பும் மாத்திரையாகவே இது விற்கிறது.

கொரோனா காலத்தில் தமிழ்நாடே வரிசையில் நின்று குடித்த கபசுரக் குடிநீர் நினைவிருக்கிறதா? அதில் சேரும் சரக்குகள் 15. அந்த 15-இல் ஆடாதோடையும் ஒன்று!

ஆடு தின்னாத இலையைப் பெரும்பாலான பூச்சிகளும் தின்னாது! இயற்கை விவசாயிகள் இதை நொச்சி, வேம்பு, எருக்கு இலைகளோடு இடித்து ஊறவைத்துப் பூச்சிவிரட்டியாகத் தெளிக்கிறார்கள். பழங்களைப் பொதிந்து வைக்கவும் இதே இலைதான். மார்புச் சளியிலிருந்து மாம்பழம்வரை காவல்!

கர்ப்பிணிகளே, இது உங்களுக்கு வேண்டவே வேண்டாம்! மூச்சுக்குழாயை விரிக்கும் அதே வாசிசின், கருப்பையைச் சுருங்க வைக்கும். ஜம்முவில் இருந்த அரசு ஆய்வகம் ஆராய்ந்து 1980-இலேயே எழுதிவிட்டது. மற்றவர்களும் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

இருமலில் தொடங்கிய வம்சம் இப்போது மூளை வரை போயிருக்கிறது! லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 17 பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஆம்ப்ராக்ஸால் கொடுத்து, மருந்து மூளைக்குள் நுழைகிறதா என்று பார்த்தார்கள். நுழைந்தது! முடிவு 2020-இல் வெளியானது. இருமலுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம். இவர்களுக்குக் கொடுத்தது 1,260 மில்லிகிராம், அதாவது 14 மடங்கு! நோயின் வேகத்தை அது குறைக்குமா? அதைக் கண்டறியும் பெரிய பரிசோதனை 2025-இல் பிரிட்டனில் தொடங்கியிருக்கிறது. அதற்குத் திட்டமிட்டிருக்கும் நோயாளிகள் எண்ணிக்கை 330!