உடம்பைப் படிக்கும் பாடம்

விபத்து நடந்து வருஷங்கள் ஓடியிருக்கும். ஆனாலும் முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் கேட்டால் தோள் இறுகும், நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். எல்லாம் முடிந்துபோன கதை என்று புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. மனக்காயம் செய்கிற கொடுமை இதுதான்.

பதஞ்சலி சொல்லும் ஐந்து நியமங்களில் ஒன்று சுவாத்தியாயம். நூல் ஓதுதல், ஜெபம் என்று பழைய உரைகாரர்கள் இதற்குப் பொருள் சொன்னார்கள். தன்னைத்தானே படித்தல் என்று இன்றைய யோகா ஆசிரியர்கள் விரித்துச் சொல்கிறார்கள். காயம்பட்டவருக்கு இந்தப் படிப்பு சிகிச்சையோடு சேர்ந்து உதவும்.

அமெரிக்க மனநல மருத்துவர் பெஸ்ஸல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014-ல் யோகா பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு எளிதில் வசப்படாத நாள்பட்ட மனக்காய நோயோடு வாழ்ந்த 64 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். 10 வாரப் பயிற்சிக்குப் பின், யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேர் அந்த நோயின் வரையறையிலிருந்தே வெளியே வந்திருந்தார்கள். உடல்நலக் கல்வி வகுப்புக்குப் போனவர்களில் அது 21 சதவீதம்.

மனக்காயம் பட்டவர்களுக்கென உருவான யோகா வகுப்பில் அதட்டல் கிடையாது. “விருப்பமிருந்தால் கையை உயர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் இழுக்கிறது? போதும் என்று தோன்றினால் இறக்கிவிடுங்கள்” என்பார் ஆசிரியர். தொட்டுத் திருத்த மாட்டார். தன் சம்மதமில்லாமல் காயப்பட்ட ஒருவருக்கு, ‘போதும்’ என்று சொல்லும் உரிமை திரும்பக் கிடைக்கிறது. குணம் அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டிலும் இதைத் தொடங்கலாம். நாற்காலியில் உட்காருங்கள். கண்ணை மூட வேண்டியதில்லை. பாதம் தரையில் பதிவதை, தரையின் குளிர்ச்சியைக் கவனியுங்கள். மூச்சைக் கவனிப்பது சிலருக்குப் பயத்தைக் கிளப்பும். அவர்கள் பாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பிறகு நோட்டில் ஒரே ஒரு வரி: ‘இன்று தாடை இறுகியிருந்தது, ஐந்து நிமிஷத்தில் தளர்ந்தது.’ நடந்ததைத் தோண்டி எழுத வேண்டாம். இந்த நிமிஷம் உடம்பு சொல்வதை எழுதினால் போதும். நாள்பட நாள்பட, எது தன்னை உலுக்குகிறது, எது ஆற்றுகிறது என்று அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இது சிகிச்சைக்குத் துணை, மாற்று அல்ல. சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்கம் கெட்டால், பழைய காட்சிகள் விரட்டினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம். வலியைத் தனியாகச் சுமக்காதீர்கள்.