மின்சார வாகன மின்னேற்றத்துக்கு மின்கட்டமைப்பைத் தயார்செய்தல்

மின்சார வாகனங்களுக்கு மின்னேற்றும் கூடுதல் சுமையைத் தாங்கும் வகையில் மின்மாற்றி, மின்கம்பி, மீட்டர், கட்டண முறை ஆகியவற்றை முன்கூட்டியே சீரமைப்பது, மின்கட்டமைப்பைத் தயார்செய்தல் எனப்படும். தூத்துக்குடி அருகே சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. அதன் தொடக்க உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 50,000 கார்கள். இத்தகைய வாகனங்கள் பெருகும்போது, அதே மாவட்டத்தின் காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மின்வசதி எப்படி அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆற்றலும் திறனும்

ஒரு வாகனத்துக்கு எத்தனை யூனிட் தேவை என்பது ஆற்றல் பற்றிய கேள்வி. ஒரே நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்பது திறன் பற்றிய கேள்வி. நாளொன்றுக்கு 40 கி.மீ. ஓடும் காருக்குச் சுமார் 6 யூனிட் போதும். அப்படி 50,000 கார்களுக்கு 3 லட்சம் யூனிட் வேண்டும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஒன்றரை மணி நேரம் இயங்கினால் இதைத் தந்துவிடும். ஆனால் அத்தனை கார்களும் 7.4 கிலோவாட் மின்னேற்றியில் ஒரே நேரத்தில் இணைக்கப்பட்டால் தேவை 370 மெகாவாட் ஆகும். அதற்கு அத்தகைய இரண்டு அலகுகள் வேண்டும். ஆகவே எவ்வளவு மின்சாரம் என்பதைவிட, எப்போது என்பதே முக்கியம்.

தெரு மின்மாற்றி

நெருக்கடி முதலில் தெரிவது மின்நிலையத்தில் அன்று, தெருமுனை மின்மாற்றியில்தான். 100 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்றில் மாலை நேர வீட்டுச் சுமை 60 கிலோவாட் என்று கொள்வோம். எட்டுக் கார்கள் 7.4 கிலோவாட் வீதம் சேர்ந்தால் சுமை 119 கிலோவாட்டைத் தாண்டும். மின்மாற்றி சூடேறும், மின்னழுத்தம் குறையும். அதே கார்கள் 3.3 கிலோவாட் வீதம் மெதுவாக ஏற்றிக்கொண்டால் மொத்தம் 86 கிலோவாட்தான். இரண்டு மணி நேரத்தில் அன்றாடத் தேவை நிறைவேறிவிடும். ஸ்கூட்டர்களின் சுமை இன்னும் சிறியது. ஒரு ஸ்கூட்டர் இழுப்பது ஏறத்தாழ ஓர் இஸ்திரிப் பெட்டியின் அளவுதான்.

மீட்டரும் கட்டணமும்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் சாதாரண மீட்டர் மொத்த யூனிட்டை மட்டுமே காட்டும். மாலை 7 மணிக்குச் செலவானதா, நள்ளிரவில் செலவானதா என்று காட்டாது. இதனால் உச்ச நேரத்தைத் தவிர்ப்பவருக்கு எந்தப் பயனும் கிடைப்பதில்லை. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தினால் நேரவாரிக் கட்டணம் சாத்தியமாகும். மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதித் திருத்தப்படி, சூரிய ஒளி நேரக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். பகலில் கடை, அலுவலகம், பள்ளி வளாகங்களில் நிற்கும் வண்டிகளுக்கு இது பொருந்தும்.

2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வாகன மின்னேற்றத்துக்கெனத் தனி மின்இணைப்பும் கேட்டுப் பெறலாம்.

கடலோர ஊரின் தேவைகள்

காயல்பட்டினத்தில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு பீங்கான் மின்காப்பான்களில் படியும். பனி அல்லது தூறலில் அது ஈரமானால் மின்சாரம் கசிந்து தீப்பொறி பறக்கும், மின்தடை ஏற்படும். இணைப்பு முனைகளும் விரைவில் அரிக்கும். எனவே மின்காப்பான்களை அவ்வப்போது கழுவுவதும், துருப்பிடிக்காத பெட்டிகளைப் பொருத்துவதும் அவசியம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் இவ்வூரில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. ஓர் ஆண்டில் பெய்யும் மழையைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டிய ஊர் இது. ஆகவே மின்னேற்றிகளையும் மின்மாற்றிகளையும் வெள்ளம் எட்டாத உயரத்தில் அமைக்க வேண்டும். சரியான எர்த்திங்கும், மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம் தேவை. ஊர்தி, ஆம்புலன்ஸ் என எல்லாமே மின்சாரத்துக்கு மாறும் காலத்தில், மின்தடை ஏற்பட்டால் போக்குவரத்தும் முடங்கும். எனவே மருத்துவமனை, நிவாரண முகாம் போன்ற இடங்களில் சூரியத் தகடும் சேமிப்பு பேட்டரியும் இணைந்த மின்னேற்ற வசதியை முதலில் அமைப்பது நல்லது.